பதம் பார்க்குமுன்

இளைஞன் ஒருவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறோம். அவன் தடுமாறுகிறான். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறோம். ஓராண்டும் பொறுத்துப் பார்க்கிறோம். தடுமாற்றம் நின்றபாடில்லை. இன்னும் காத்திருப்பதா, அல்லது அவனை விலக்கிவிட்டு வேறொருவனைத் தேடுவதா? வீடு, பட்டறை, அலுவலகம் என்று எங்கும் எழுகின்ற கேள்வி இது. ஆனால் பெரும்பாலும் நாம் சிந்தித்து இதற்கு விடை காண்பதில்லை. நம் பொறுமை தீர்ந்துபோகின்ற நாளில் விடை தானாகவே வந்துவிடுகிறது.

விரைந்து தீர்ப்புச் சொல்ல விரும்புவோர்க்குத் துணையாக நம்மிடையே இரண்டு பழமொழிகள் உண்டு. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது ஒன்று. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது மற்றொன்று. இரண்டும் அனுபவத்தில் பிறந்த மொழிகள்தாம். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆயினும் அவை எங்கே செல்லும், எங்கே செல்லா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. அது அமெரிக்கர்களின் கால்பந்து ஆட்டம்.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். கரோலினா பேந்தர்ஸ் என்பது அந்நகரத்தின் அணி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் மகனும் பேரனும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுவார்கள். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர்தான் கால்பந்தே தவிர, பந்தைக் காலால் உதைப்பது அரிது. கையில் ஏந்தி ஓடுகிறார்கள், அல்லது கையால் எறிகிறார்கள். அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவையும் பொறுமையாக எனக்குக் கற்பித்தவன் பதின்மூன்று வயதுப் பேரன்.

இந்த ஆட்டத்தின் அச்சாணி குவார்ட்டர்பேக் எனப்படும் ஒருவர். ஒவ்வொரு முயற்சியும் அவர் கையிலிருந்துதான் தொடங்குகிறது. அவருடைய தலைக்கவசத்தினுள் ஒரு சிறு ஒலிக்கருவி இருக்கும். பயிற்சியாளர் அதன் வழியாகத் திட்டத்தைச் சொல்வார். முயற்சியைத் தொடங்குவதற்கான கெடுவில் பதினைந்து விநாடி எஞ்சியிருக்கும்போது அக்கருவி அடங்கிவிடும். அதன்பின் அவர் தனியர். எதிரே நிற்போர் எந்தப் பக்கமிருந்து பாயப் போகிறார்கள் என்று அவர் ஊகிக்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும், தம் ஆட்களில் எவர் காவலின்றி இருக்கிறார் என்று கண்டு, பெரும்பாலும் மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். தாமதித்தால், தம்மைவிட ஐம்பது கிலோ எடை மிகுந்த ஒருவர் அவரைத் தரையில் வீழ்த்துவார். அவசரப்பட்டால், எதிரணியினர் பந்தை இடைமறித்துப் பிடித்துக்கொள்வார்கள்.

கல்லூரி ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர்களும் தேசியக் கால்பந்து லீக்கிற்கு வந்தவுடன் திணறுவது இதனால்தான். கைவலிமை குறைந்துவிடுவதில்லை, கண் பழகியிருப்பதில்லை. அங்கே ஒரு கணம் திறந்திருந்த இடைவெளி இங்கே அரைக் கணத்தில் மூடிக்கொள்கிறது. எதிரணியினர் தங்கள் கருத்தை இறுதி நொடி வரை மறைத்து வைக்கிறார்கள். இத்தகைய கண் பிறவியில் வருவதன்று. பல நூறு முறை தவறிய பின்னரே வரும்.

இனி, அந்த இலையுதிர்காலத்தில் சார்லட் நகரத்தையே இரண்டாகப் பிரித்த இளைஞரின் கதைக்கு வருவோம். அவர் பெயர் பிரைஸ் யங். அலபாமா பல்கலைக்கழகத்திற்காக ஆடியவர்; 2021-ஆம் ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் முதல் தேர்வுரிமை சிகாகோ அணியிடம் இருந்தது. கரோலினா அதனை வாங்கி யங்கை எடுத்துக்கொண்டது. விலை சிறிதன்று: இரண்டு முதற்சுற்றுத் தேர்வுரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகள், அவற்றோடு தன்னிடமிருந்த சிறந்த பந்து பிடிக்கும் வீரரான டி.ஜே. மூர். கவனிக்க வேண்டிய செய்தி இது. ஆடத் தெரியாத இளைஞருக்குப் பந்து பிடித்துக் கொடுத்துத் துணை நிற்கக்கூடியவரையே விற்று அந்த இளைஞரை வாங்கினார்கள்.

2023 பருவத்தில் கரோலினா 17 ஆட்டங்களில் 2-இல் மட்டுமே வென்றது. யங் 62 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். பதினொரு ஆட்டங்கள் முடிந்த நிலையில் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார். அதே தேர்வில் இரண்டாவதாக ஹூஸ்டன் அணி எடுத்துக்கொண்ட சி.ஜே. ஸ்ட்ரவுட், அதே ஆண்டில் தாக்கும் அணியின் சிறந்த புதுமுக வீரர் என்ற விருதைப் பெற்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால், பிறகு மனிதர்களைக் கேட்க வேண்டுமா? 'தவறானவரை எடுத்துவிட்டோம்' என்ற பேச்சு நகரமெங்கும் எழுந்தது.

2024-இல் டேவ் கனாலஸ் என்ற புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தார். முதல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் அணியிடம் 47–10 என்றும், இரண்டாவதில் சார்ஜர்ஸ் அணியிடம் 26–3 என்றும் கரோலினா தோற்றது. அதற்கு மறுநாள், யங்கைப் பக்கத்தில் அமரச் செய்துவிட்டு, 36 வயதான ஆண்டி டால்ட்டனை ஆடவைப்பதாக அணி அறிவித்தது. அப்போது யங்கிற்கு வயது 23.

அன்றிரவு உணவு மேசையில் நடந்த பேச்சு இன்னும் என் காதில் நிற்கிறது. "ஓராண்டும் இரண்டு ஆட்டங்களும் போதாதா, அப்பா?" என்றான் மகன். "ஒருவருக்காக ஓர் அணி முழுவதும் எத்தனை நாள் தோற்றுக்கொண்டிருக்கும்?" ஒன்பதாம் எண் பொறித்த யங்கின் சட்டையை அணிந்திருந்த பேரன் என் பக்கம் திரும்பி, "முன்னால் நிற்கிறவர்கள் தடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார், தாத்தா?" என்று கேட்டான். இருவரும் கேட்டது நியாயமே. இரண்டிற்கும் ஒரே விடையை உடனே சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

மகனின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். பொறுமை நல்ல குணந்தான். ஆனால் அதற்கான செலவைப் பொறுமை காட்டுகிறவர் மட்டும் ஏற்பதில்லை. ஓர் அணியில் 53 வீரர்கள். அவர்களுள் பலருக்கு இவ்வாட்டத்தில் வாழ்நாள் சில ஆண்டுகளே. முழங்கால் ஒருமுறை முறிந்தால் அதுவும் இல்லை. ஓர் இளைஞர் கற்றுக்கொள்ளட்டும் என்று அணி காத்திருக்கும்போது, முப்பதைக் கடந்த ஒருவரின் கடைசிப் பருவம் தோல்வியிலேயே கழிகிறது. பயிற்சியாளரின் வேலையும் அந்த இளைஞரின் கையில் இருக்கிறது. ரைக்கின் வேலை அவ்வாறே போயிற்று. காலத்திற்கும் ஓர் எல்லை எழுதப்பட்டிருக்கிறது. முதற்சுற்றில் எடுக்கப்பட்ட வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவதா இல்லையா என்று மூன்றாம் பருவம் முடிந்ததும் அணி முடிவுசெய்தாக வேண்டும். ஆகவே 'காத்திருப்போம்' என்பது அங்கே வெறும் நல்லெண்ணம் அன்று. தேதி குறித்த கடன்.

காத்திருந்தும் கைகூடாத கதைகளும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் முதல் தேர்வாக ஜமார்கஸ் ரஸ்ஸல் ஓக்லண்ட் அணிக்கு வந்தார். மூன்று பருவங்கள் அங்கே இருந்தார். அவர் தொடங்கிய 25 ஆட்டங்களில் அணி வென்றது 7. 2010-இல் அவரை விடுவித்தார்கள். அதன்பின் அவர் அந்த லீக்கில் ஆடவே இல்லை. காலம் கொடுத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று எவரேனும் சொன்னால், அவர் முன் இந்தக் கதையை வைக்கலாம்.

பேரனின் பக்கத்திலும் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. 1970-ஆம் ஆண்டின் முதல் தேர்வான டெர்ரி பிராட்ஷா, பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடிய முதற் பருவத்தில் 6 டச்டவுன்களை எறிந்தார்; எதிரணியினரிடம் 24 முறை பந்தைப் பறிகொடுத்தார். ஐந்தாம் பருவமான 1974-இன் தொடக்கத்தில்கூட அவரை உட்காரவைத்துவிட்டு வேறொருவரை ஆடவைத்தார்கள். அதே பருவத்தின் இடையில் அவர் திரும்ப வந்தார். அப்பருவம் சூப்பர் பவுல் வெற்றியுடன் முடிந்தது. பின்னர் மேலும் மூன்று முறை அவ்வெற்றி கிடைத்தது. 1989-இல் டாலஸ் அணிக்கு வந்த டிராய் எய்க்மன், அவ்வாண்டு தாம் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். பின்னர் மூன்று சூப்பர் பவுல்களை வென்றார். 1998-இல் இண்டியானாபொலிஸ் அணிக்கு வந்த பேட்டன் மானிங், 28 பந்துகளைப் பறிகொடுத்துப் புதுமுக வீரர்களிடையே ஒரு சாதனையே படைத்தார். அவ்வாண்டு வெற்றி 3, தோல்வி 13. மறு ஆண்டே அக்கணக்கு தலைகீழாயிற்று: வெற்றி 13, தோல்வி 3.

இக்கதைகள் மனத்திற்கு ஆறுதல் தருபவை. எனினும் இவற்றைக் கொண்டே வழக்கைத் தீர்த்துவிடலாகாது. கரையேறியவர்களின் கதைகளைத்தான் உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மூழ்கியவர்களைப் பற்றி எழுதுவோர் இல்லை. எய்க்மன் தோற்றார், பிறகு வென்றார். ஆதலால் தோற்கும் இளைஞரெல்லாம் பிறகு வெல்வர் என்பது தருக்கம் ஆகாது. நாம் கேட்க வேண்டியது வேறொன்று. தோல்விக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தினுள் என்ன நடந்தது?

டாலஸில் நடந்ததைப் பாருங்கள். எய்க்மன் வந்த 1989-ஆம் ஆண்டின் அக்டோபரில், அணியின் பெயர்பெற்ற ஓட்டக்காரரான ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டா அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பல தேர்வுரிமைகளைப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெற்றுக்கொண்டார். 1990-இல் எம்மிட் ஸ்மித் என்ற இளம் ஓட்டக்காரர் வந்து சேர்ந்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட நம்பகமான ஒருவர் இருந்தால், எறிகின்றவரின் சுமையில் பாதி இறங்கிவிடும். 1991-இல் நார்வ் டர்னர் என்ற ஆசான் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1992 பருவத்தின் முடிவில் சூப்பர் பவுல் கிடைத்தது. எய்க்மனுக்குக் கொடுக்கப்பட்டது மூன்று ஆண்டுகள் மட்டும் அல்ல. அம்மூன்று ஆண்டுகளுக்குள் வைக்கப்பட்ட பொருள்கள். இண்டியானாபொலிஸிலும் அப்படியே. மானிங் வந்த ஆண்டில் அவருக்கு ஆட்டத் திட்டம் கற்பித்த டாம் மூர், அதன்பின் பத்தாண்டுகள் அதே பொறுப்பில் இருந்தார்.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக 30 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். புதிதாக வரும் மாணவனுக்கு முதலில் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும். வைஸில் பிடித்து, வாரக்கணக்கில் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இடையில் ஒளிக்கீற்றுத் தெரியக் கூடாது. கடைசல் இயந்திரத்தின் பக்கம் அவன் செல்வது பின்னர்தான். முதல் நாளே அவனை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தி, விரைவாகச் சுழல்வதைத் தொடு என்று சொல்லும் பயிற்றுநர் எவருமில்லை. அப்படிச் சொல்லி, விரல் போனபின், 'பையனுக்குக் கை வாகு இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினால் நாம் அவரை என்னவென்று சொல்வோம்? வேலையின் அளவும் வளர்ச்சியின் அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இது எங்கள் பட்டறைக்கு மட்டும் உரிய விதியன்று.

ஒரே நாளில் தேர்வு பெற்ற இருவரின் கதை இதனைத் தெளிவாக்கும். 2005-ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ அணி அலெக்ஸ் ஸ்மித்தை முதலாவதாக எடுத்தது. ஏரன் ராட்ஜர்ஸ் இருபத்து நான்காவதாகக் கிரீன் பே அணிக்குப் போனார். ஸ்மித்தை அவ்வாண்டே ஆடவைத்தார்கள். ஒரு டச்டவுன், பதினொரு இடைமறிப்புகள். காலம் அவருக்கு மறுக்கப்படவில்லை. ஆனால் முதல் நான்கு ஆண்டுகளில் தாக்குதல் பிரிவின் ஆசான்கள் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதிய பாடநூலுடன் வந்தார்கள். முந்தைய ஆண்டில் கற்றதை மறக்கும் வேலையே முதல் வேலையாயிற்று. ராட்ஜர்ஸோ பிரெட் ஃபாவ்ர் என்னும் பெருவீரரின் பின்னால் மூன்று ஆண்டுகள் அமர்ந்து பார்த்தார். 2008-இல்தான் ஆடத் தொடங்கினார். 2010 பருவத்தில் சூப்பர் பவுலை வென்றார்.

ஸ்மித்தின் கதை அத்துடன் முடியவில்லை. 2011-இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகு, அதே ஸ்மித் 13 வெற்றிகளுக்கு அணியை இட்டுச் சென்றார். அப்பருவம் முழுவதிலும் இடைமறிக்கப்பட்டவை ஐந்தே. ஆறு ஆண்டுகளாகத் தேறாதவர் என்று எழுதப்பட்டவர் அவர். மறு ஆண்டு காயமுற்று ஓய்ந்திருந்தபோது வேறொரு இளைஞரிடம் இடத்தை இழந்தார். 2013-இல் கான்சஸ் சிட்டிக்குப் போனார். 2017-இல் அங்கே பேட்ரிக் மஹோம்ஸ் என்ற புதியவரை, நாளைக்கு ஸ்மித்தின் இடத்தை எடுத்துக்கொள்வதற்கென்றே கொண்டுவந்தார்கள். மஹோம்ஸ் அந்தப் பருவத்தில் ஆடியது கடைசி ஆட்டம் ஒன்றுதான். மற்ற நாட்களில் ஸ்மித் எவ்வாறு ஆயத்தம் செய்கிறார் என்று அருகிருந்து பார்த்தார். அடுத்த ஆண்டு 50 டச்டவுன்களை எறிந்து லீக்கின் தலைசிறந்த வீரரானார். ஸ்மித்திடம் கற்றதைப் பற்றி அவர் வெளிப்படையாகவே நன்றியுடன் பேசியிருக்கிறார். தமக்குக் கிடைக்காத நிழலைத் தம் இடத்திற்கு வருபவர்க்கு மனமுவந்து தந்த மனிதர் ஸ்மித்.

2018-ஆம் ஆண்டின் தேர்விலும் இத்தகைய இருவர் உண்டு. ஏழாவதாகப் பஃபலோ அணிக்குப் போன ஜாஷ் ஆலன் எறிந்த பந்துகளில், முதற் பருவத்தில் இலக்கை அடைந்தவை நூற்றுக்கு 52.8. அடுத்த பருவத்தில் 58.8. மூன்றாவதில் 69.2. அம்மூன்றாண்டுகளும் அவருடைய ஆசான் பிரையன் டேபல் ஒருவரே. மூன்றாம் ஆண்டில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்னும் கைதேர்ந்த பந்து பிடிப்பவரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2024 பருவத்தின் தலைசிறந்த வீரர் விருது ஆலனுக்கே கிடைத்தது. பத்தாவதாக அரிசோனாவுக்குப் போனவர் ஜாஷ் ரோசன். முதற் பருவத்தின் நடுவிலேயே தாக்குதல் பிரிவின் ஆசான் நீக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். 2019-இல் அரிசோனா முதல் தேர்வாக வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டு, மறுநாளே ரோசனை மியாமிக்கு அனுப்பிவிட்டது. அதன்பின் எந்த அணியிலும் அவர் நிலைகொள்ளவில்லை.

ரோசன் நின்றிருந்தால் தேறியிருப்பாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. அக்கேள்விக்கு விடையே இல்லை; அதுதான் அதிலுள்ள துயரம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மை. ஆனால் அப்பழமொழி, பானை அடுப்பின்மேல் இருப்பதையும், அடுப்பில் தீ எரிவதையும், உலையில் போதிய நீர் இருப்பதையும் எடுத்துக்கொண்டே பேசுகிறது. தீ மூட்டாத அடுப்பிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, 'அரிசி வேகாத அரிசி' என்று சொல்பவரின் பிழை, அரிசியைப் பற்றியதன்று. முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்கிற உழவரும் தண்ணீர் பாய்ந்த வயலில் நின்றுகொண்டுதான் அதைச் சொல்கிறார்.

மீண்டும் சார்லட் நகருக்கு வருவோம். டால்ட்டன் தொடங்கிய முதல் ஆட்டத்தில் கரோலினா 36–22 என்று வென்றது. 'பார்த்தீர்களா!' என்று நகரம் ஆரவாரித்தது. அதன்பின் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. பத்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருந்தாலும் ஒரு தனி மனிதரால் தாங்க முடியாத சுமை அங்கே இருந்தது என்பதை அந்த நான்கு தோல்விகள் சொல்லாமல் சொல்லின. அக்டோபர் 22 அன்று டால்ட்டன் குடும்பத்துடன் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பந்தெறியும் கையின் கட்டைவிரலில் காயம். ஆகவே 27-ஆம் தேதி டென்வர் அணிக்கு எதிராக யங்கே களமிறங்க வேண்டியதாயிற்று. அது அணியின் ஞானத்தால் திறந்த கதவன்று. ஒரு சாலை விபத்தால் திறந்தது.

டென்வரில் தோற்றார்கள். ஆனால் அந்த இளைஞரின் நடையில் ஏதோ மாறியிருந்ததை ஆட்டம் அறியாத நானே கண்டேன். முன்பு பந்தை வைத்துக்கொண்டு தவித்தவர், இப்போது முடிவெடுத்து எறிந்தார். அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸ் அணியை வென்றார்கள். அதற்கடுத்த வாரம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியை வென்றார்கள். பலம் பொருந்திய கான்சஸ் சிட்டி, பிலடெல்பியா அணிகளிடம் தோற்றபோதும் இறுதி நிமிடங்கள் வரை போராடினார்கள். நான் ஊர் திரும்பிய பின், 2025 ஜனவரியில் நடந்த கடைசி ஆட்டத்தில் அட்லாண்டா அணியைக் கூடுதல் நேரத்தில் 44–38 என்று வென்ற செய்தியைப் பேரன் தொலைபேசியில் சொன்னான். மூன்று டச்டவுன்களை எறிந்தும் இரண்டைத் தாமே ஓடியும் எடுத்திருந்தார் யங். 2025 பருவத்தில், வெற்றி 8, தோல்வி 9 என்ற மெலிந்த கணக்குடன்தான் என்றாலும், அவருடைய அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

இந்த மாற்றத்திற்குக் காரணம் என்ன? உட்கார்ந்திருந்த ஐந்து வாரங்களா? அவை உதவியிருக்கும். வெளியே அமர்ந்து பார்ப்பதும் கற்கும் காலந்தான். உட்காரவைத்தல் வேறு, கைவிடுதல் வேறு. ஆனால் வேறு சிலவும் நடந்திருந்தன. 2024-இன் தொடக்கத்தில் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்னும் வலிமைமிக்க தடுப்பாளர்கள் இருவரை அணி பெருந்தொகைக்குக் கொண்டுவந்து, அவருக்கு முன்னால் நிறுத்தியிருந்தது. திட்டம் வகுப்பவர் மாறாமல் அதே கனாலஸாக இருந்தார். தம் இடத்தில் ஆடி, பின் அந்த இடத்தைத் திரும்பக் கொடுத்த டால்ட்டன் போட்டியாளராக அல்லாமல் மூத்தவராகப் பக்கத்தில் இருந்தார். தீயும் நீரும் சேர்ந்த பிறகே உலை கொதித்தது.

அப்படியாயின் என்றும் காத்திருக்க வேண்டுமா? இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தபின் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அப்போதும் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பாராமல், தவறுகளின் தன்மையைப் பார்க்க வேண்டும். என் மாணவர்களிடம் நான் பார்த்தது அதைத்தான். நேற்றுச் செய்த அதே தவறு இன்றும் வருகிறதா, அல்லது புதிய தவறு வருகிறதா? புதிய தவறு செய்கிறவன் முன்னே நகர்ந்திருக்கிறான். பழைய தவறையே ஆண்டு முழுதும் செய்பவன் நின்ற இடத்தில் நிற்கிறான். தடுப்பாளர்களைத் தந்து, ஒரே ஆசானைத் தந்து, அளவான வேலையைத் தந்து, அதற்குப் பின்னும் ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றால், அவரை விடுவிப்பதே நேர்மை. மற்ற 52 பேருக்கும் அது கடமை. அவருக்கும் அதுவே நன்மை. வேறொரு துறையில் அவருடைய வாழ்வு காத்திருக்கலாம். ஆனால் அவ்விடுப்பும் பழிச்சொல் இன்றி நடக்க வேண்டும்.

ஆகவே 'இந்த இளைஞருக்கு இன்னும் காலம் பெறத் தகுதி உண்டா?' என்று கேட்குமுன், 'கொடுத்த காலத்திற்குள் நாம் என்ன வைத்தோம்?' என்று கேட்டுக்கொள்வது முறையாகும். மகனுக்கும் பேரனுக்கும் நான் இறுதியில் சொன்னது இதையே. அணியின் தோல்வி ஒரு பருவத்தில் முடிந்துவிடும். சரியாகச் சோதிக்கப்படாமல் தூக்கி எறியப்பட்ட ஒருவர், தம்மால் முடியாது என்ற எண்ணத்தை வாழ்நாள் முழுதும் சுமப்பார். அது உண்மையா பொய்யா என்பது அவருக்கே தெரியாமல் போகும்.

நம் வீடுகளிலும் பணியிடங்களிலும் முதல் ஆண்டைக் கடக்கத் திணறும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களை ஆயிரக்கணக்கானோர் அரங்கில் அமர்ந்து பார்ப்பதில்லை. அவர்களுடைய தவறுகளை எவரும் எண்ணிக்கையில் அச்சிடுவதில்லை. ஆயினும் தங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்கும் கேட்கிறது. பதம் பார்க்கக் கரண்டியை எடுக்குமுன், குனிந்து அடுப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.